உட்காராமல் பாடும் பாட்டு



வேறு சமயத்துப் பாட்டைப் பத்தி நம்ம கோயில் பக்கத்துல ஏன் எழுதறீங்கன்னு சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

ரஷ்யக் கிறிஸ்தவர்களிடம் 'அகாதிஸ்ட்' என்று ஒரு வகைத் துதி உண்டு. அது கிரேக்கச் சொல், 'உட்காராமல்' என்று அர்த்தம். எல்லாரும் நின்னுக்கிட்டேதான் பாடுவாங்க. நம்ம 108 போற்றி மாதிரி, அதுல ஒரே துதிச்சொல் வரிசையா வந்துக்கிட்டே இருக்கும்.

அப்படி ஒரு துதிக்கு 'எல்லாவற்றுக்கும் இறைவனுக்கு மகிமை' என்று பெயர். கிரிகோரி பெத்ரோவ் என்ற பாதிரியார் வைத்திருந்தது. சோவியத் ஆட்சியில் தேவாலயங்களை மூடி, பாதிரியார்களைச் சிறை முகாமுக்கு அனுப்பிய காலம். அவரும் 1940களில் முகாமிலேயே இறந்துபோனார். அவர் விட்டுப்போன பொருட்களில் இந்தத் துதி கிடைத்தது. திரிஃபோன் என்ற பேராயர்தான் எழுதினார் என்று சொல்பவர்களும் உண்டு. யார் எழுதியிருந்தாலும் சரி, முகாமில் அவர் கைவிடாமல் வைத்திருந்தது இதைத்தான்.

துதியில் என்ன இருக்குன்னு பார்த்தா நமக்கே ஆச்சரியமா இருக்கு. பூவோட வாசம், பழத்தோட ருசி, நிலா வெளிச்சம், பறவைச் சத்தம், இடி மின்னல், எல்லாத்துக்கும் நன்றி. நோயில் படுத்த நாளில் இறைவன் பக்கத்தில் இருந்ததுக்கும் நன்றி. 'எனக்கு இதைக் கொடு' என்ற பட்டியல் இல்லை. நம்ம அர்ச்சனைச் சீட்டுகளை எழுதிக் கொடுக்கிற எங்களுக்கு அது உடனே கண்ணில் பட்டது.

ரஷ்யாவுக்குக் கிறிஸ்தவம் வந்து 1988-ல் 1000 ஆண்டு. அதை ஒட்டி ஜான் டவனர் என்ற ஆங்கிலேயர் இதற்கு இசையமைத்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய பாடகர் குழு பாடியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் போகும். 1997-ல் இளவரசி டயானாவின் உடலை அதே தேவாலயத்திலிருந்து வெளியே கொண்டுபோனபோது பாடிய பாட்டும் இவர் இசையமைத்ததுதான்.

இப்ப ஏன் இது ஞாபகம் வந்ததுன்னா, மடப்பள்ளியில் பல வருஷம் தொண்டு செய்த ஒரு அம்மா, மகனை இழந்த பிறகு சந்நிதிக்குள் வருவதில்லை. வாசலோட நின்னுட்டுப் போயிடுறாங்க. "சாமி கொடுத்ததுக்கு நன்றி சொல்லுங்கம்மா, மனசு ஆறும்" என்று சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்றாங்க. ஆனா முகாமில் இருந்தவரிடம் யாரும் பக்கத்தில் நின்னு 'நன்றி சொல்' என்று சொல்லலையே. அவராகத்தானே சொன்னார். அது அவங்கவங்க வாயில் அவங்கவங்க நேரத்தில் வரணும். அடுத்தவங்க வாங்கித் தர முடியாது என்றுதான் எங்களுக்குப் படுது.

அதனால அந்த அம்மாவைப் பார்த்தா எதுவும் கேட்க வேண்டாம். "சாப்பிட்டீங்களாம்மா" போதும். பிரசாதத்தை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை மாலை பூஜை முடிந்ததும் வழக்கம்போல 108 போற்றி. முடிந்தவங்க நின்னு பாடுங்க. முட்டி வலி உள்ள பெரியவங்களுக்கு நாற்காலி போட்டிருப்போம், வாசல் பக்கமும் ரெண்டு.

- ஆலயத் தொண்டர்கள்