கப்பலில் வரும் நெருப்பும் காலனியின் பெயர்ப் பட்டியலும்

வங்கதேசத்தின் மகேஷ்காலி தீவுக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் கட்டிவைத்ததுபோல் நிற்கின்றன. கத்தார் போன்ற நாடுகளிலிருந்து வரும் டேங்கர் கப்பல்கள் அவற்றின் பக்கத்தில் வந்து, மைனஸ் 162 டிகிரி குளிரில் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை மாற்றிவிட்டுப் போகின்றன. திரவமாக இருக்கும்போது அது அடைக்கும் இடம் வாயுவில் 600-இல் ஒரு பங்குதான். நிற்கிற கப்பலுக்குள்ளேயே அதைச் சூடாக்கி மறுபடி வாயுவாக்கிக் கடலடிக் குழாய் வழியே கரைக்கு அனுப்புகிறார்கள். மிதவை எல்.என்.ஜி. முனையம் என்பது இதுதான். முதல் கப்பல் 2018-இலும் இரண்டாவது 2019-இலும் வேலையைத் தொடங்கின.

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் படிக்க வேண்டும் என்று எங்கள் மாலை வகுப்புக்கு வரும் மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. காஜிப்பூர், நாராயண்கஞ்ச், சாவர் பகுதி ஆடைத் தொழிற்சாலைகளில் பாய்லரும் ஜெனரேட்டரும் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுகின்றன. அவர்கள் தைக்கும் அதே டி-ஷர்ட்டைத்தான் நம் பனியன் கம்பெனிகளும் தைக்கின்றன. அங்கே பாய்லர் அணைந்தால் அந்த ஆர்டர் இங்கே வருமா என்று முதலாளிகள் பார்க்கிறார்கள். வந்தால் நம் காலனிப் பெண்களுக்கு ஒன்றரை ஷிப்ட், ஞாயிறும் வேலை. பீஸ் ரேட் மட்டும் ஏறுவதில்லை.

2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பா கையில் கிடைத்த எல்.என்.ஜி. கப்பலையெல்லாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. ஜெர்மனி அதே ஆண்டு டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் தன் முதல் மிதவை முனையத்தைத் திறந்துவிட்டது. வங்கதேசம் ஜூலையிலேயே உடனடிச் சந்தையில் வாங்குவதை நிறுத்தியிருந்தது. முனையம் இருந்தது, அதை நிரப்பக் காசு இல்லை. 2023 பிப்ரவரியில் அங்கே பெருந்தொழில்களுக்கான எரிவாயு விலை கன மீட்டருக்கு 11.98 டாக்காவிலிருந்து 30 டாக்காவாக ஏறியது. அந்த மே மாதம் மோக்கா புயலுக்காக விநியோகத்தை நிறுத்தினார்கள். அடுத்த மே மாதம் ரெமால் புயலில் மிதந்துவந்த ஓர் இரும்பு மிதவை மோதி ஒரு கப்பல் சேதமடைந்தது. மாதக்கணக்கில் வாயு தடைப்பட்டது. டாக்காவில் ஊசி போடும் பெண்ணுக்கும் இங்கே ஊசி போடும் பெண்ணுக்கும் நடுவில் இப்படி ஒரு கப்பல் நிற்கிறது. இருவரிடமும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

மிதவை முனையத்தை விற்பவர்கள் சொல்லும் பெரிய வசதி, நிலம் அதிகம் வேண்டாம், சீக்கிரம் முடியும் என்பது. நம் பக்கமும் காரைக்கால் துறைமுகத்துக்கு இப்படியொரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் கப்பல் கடலில் நின்றாலும் குழாய் யாரோ ஒருவர் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதை நாம் கண்ணால் பார்த்தவர்கள்.

கொச்சி புதுவைப்பில் பெட்ரோநெட் கட்டிய கரை முனையம் 2013-இல் தயாரானது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கலாம். வாயுவைக் கொண்டுபோகக் குழாய் இல்லாததால் பல ஆண்டுகள் அதன் சிறு பகுதிதான் ஓடியது. அங்கிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் போட நினைத்த குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் போக வேண்டும். விவசாயிகள் எழுந்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் போடுங்கள் என்று 2013-இல் ஜெயலலிதா அரசு ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அந்த ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது.

அப்போது நாங்கள் கல்லூரி முடித்திருந்த புதிது. போராட்டப் பந்தல்களுக்குப் போனோம். கோரிக்கை நியாயமானது, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. தென்னையும் கிணறும் போனால் சிறு விவசாயி பிழைக்க முடியாது. ஆனால் மேடையில் பேசியவர்கள் எல்லாரும் பட்டா வைத்திருப்பவர்கள். அதே தோட்டத்தில் மூன்று தலைமுறையாகப் பாத்தி கட்டும் அருந்ததியர் குடும்பம் பந்தலுக்குக் கூட்டம் சேர்க்க வண்டியில் ஏற்றி வரப்பட்டது. வேலை போனால் அவர்களுக்கு என்ன என்று ஒரு துண்டறிக்கையிலும் நாங்கள் படிக்கவில்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. குழாய் பதிப்பதற்கென்று 1962-இல் ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அது நிலத்தை எடுப்பதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கிறது. எடுத்த பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதுவும் நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சமூகவியல் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்தச் சட்டத்தில் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள், மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியும் குத்தகைதாரரும் வருகிறார்கள். குழாய்ச் சட்டத்தில் அப்படி ஒரு வரையறையே இல்லை. பஞ்சமி நிலத்துக்கு மனு எழுதி எழுதிக் கை தேய்ந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை.

எரிவாயுவே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நம் சாயப்பட்டறைகளிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இன்னும் விறகுதான் நிறைய எரிகிறது. அந்த வெக்கையிலும் புகையிலும் சாம்பலிலும் நிற்பவர்களில் பாதிப்பேர் நம் காலனி ஆட்கள், மீதி வடக்கிலிருந்து வந்தவர்கள். அந்த வேலை ஒழிந்தால் நல்லது. ஒழியும்போது அந்த ஆள் என்ன ஆவார் என்பதுதான் கேள்வி. பதினாறு வருடமாக விறகு போடும் ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார்: “கேஸ் வந்தா வால்வு திருகறதுக்கு ஐ.டி.ஐ. படிச்ச பையன் வருவான். நா எங்க கண்ணு போவேன்?” அவருக்கு பி.எஃப். கிடையாது, அடையாள அட்டை கிடையாது. கண்ட்ராக்டரின் நோட்டில் அவர் பெயர் ‘பாய்லர் ஆள் 2’.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும் இதையே பார்த்தோம். சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. அது தேவைதான். எங்கள் காலனியில் எத்தனை பேருக்கு வேலை போனது என்று யாரும் வந்து எண்ணவில்லை. சில வீடுகள் பூட்டிக் கிடந்தன, அவ்வளவுதான்.

அதனால் இப்போது நாங்களே எண்ணுகிறோம். வகுப்புக்கு வரும் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போகிறார்கள். யார் எந்தப் பட்டறையில், பாய்லரிலா விறகு இறக்குவதிலா, எத்தனை வருடமாக, சம்பளம் கையிலா வங்கியிலா, கண்ட்ராக்டர் யார், சாட்சி சொல்லக்கூடிய சக தொழிலாளி யார் என்று எழுதுகிறார்கள். தோட்டக் கூலிக்குப் போகும் வீடுகளுக்குத் தனிப் பக்கம். அந்தத் தோட்டத்தின் சர்வே எண் தெரிந்தால் அதையும் குறிக்கிறார்கள். ‘பாய்லர் ஆள் 2’ தன் முழுப்பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி எழுத வைத்தார். பிறகு நோட்டை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்தார்.