தட்டு தூக்கும் படிப்பு

பிப்ரவரி 1, 2025, சனி. செர்டாங்

இன்று முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகள் கொடுத்தாக வேண்டும். பசியாறும்போது அப்பா இதைச் சொல்ல, பேச்சு என் ஹோட்டல் படிப்பில் வந்து நின்றது. ஹோட்டலிலும் இவ்வளவுதானா என்று அம்மா கேட்டார். பாட்டி கேட்டது வேறு.

"நான் தூக்குன தட்டு பத்தாதா தாயி? யுனிவர்சிட்டிக்குப் போயி நீயும் அதத்தான் கத்துக்கணுமா?"

பாட்டி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டத்துத் துரை பங்களாக் குசினியில் வேலை செய்தவர். விருந்து முடிந்த இரவுகளில் கரண்டி, கத்தி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மேசையில் பரப்பி வைப்பாராம். துரைசாணி எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால்தான் லயத்துக்குப் போகலாம். பேத்திக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைக்கிறார். சட்டென்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை கணக்கியல் படிக்கிறாள், தாதிமை படிக்கிறாள் என்றால் பெற்றோர் சத்தமாகச் சொல்வார்கள். ஹோட்டல் என்றால் குரல் தாழ்ந்துவிடும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வருவதில் நியாயம் இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

நேற்று பினாங்குத் தைப்பூசம். தண்ணீர்ப் பந்தலில் மீகூன் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. பொட்டலம் ஒவ்வொன்றிலும் சமைத்த நேரத்தை எழுதி வைத்தேன். வரிசையில் நின்ற ஓர் அக்காள் அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஊட்டினார். அது போதும் எனக்கு.

மார்ச் 26, புதன். சிந்தோக்

கெடாவின் தென்கோடி மாவட்டத்தில் பிறந்து, தாய்லாந்து எல்லையை ஒட்டிய வடகோடியில் படிக்கிறேன். பாரிட் புந்தாரில் கொமியூட்டர் ரயில் ஏறி, புக்கிட் மெர்தாஜத்தில் மாறி, அலோர் ஸ்டாரில் இறங்கி, அங்கிருந்து சங்லூனுக்குப் பஸ். உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கியது. இங்கே நிகழ்வு நிர்வாகத்துக்கும் உபசரிப்பு நிர்வாகத்துக்கும் தனித்தனியே பட்டப்படிப்பு உண்டு. நிகழ்வு என்றதும் பலருக்கு மேடையும் விளக்கும்தான் நினைவுக்கு வரும். லங்காவியில் 1991-இல் தொடங்கிய லீமா கடல், வான்வெளிக் கண்காட்சியைக்கூட வானத்தில் பறப்பதை வைத்துத்தான் பேசுகிறோம்.

நான் இன்று உட்கார்ந்து போட்டது மேசைக் கணக்கு. ஆறடி விட்டமுள்ள வட்ட மேசையின் விளிம்பு ஏறக்குறைய 575 சென்டிமீட்டர். பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 57 கிடைக்கும். ஐந்தடி மேசையில் அதே பத்துப் பேரை உட்கார வைத்தால் 48-தான். தோளும் தோளும் இடிக்கும், பரிமாறுகிறவர் கை நுழைய வழியில்லை. ஆனாலும் மண்டபத்தில் இன்னும் நாலு மேசை போடலாமே என்று ஐந்தடியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சூடான சூப் விருந்தாளி மடியில் சிந்தினால் திட்டு வாங்குவது தட்டு ஏந்தி வந்த பெண். தப்பு, பத்து நாள் முன்பே தாளில் மேசை போட்டவருடையது. அந்தத் தாளை எழுதும் இடத்தில் தட்டு தூக்கிய குடும்பத்துப் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்றைய வகுப்பில் சர்வீஸ் சார்ஜ். இதைப் பாட்டியிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஹோட்டல் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும், பிளஸ் பிளஸ் என்போம். ஒன்று வரி. மற்றது பத்து விழுக்காடு சர்வீஸ் சார்ஜ். அந்தப் பணத்தை மொத்தமாகச் சேர்த்து, பதவிக்கேற்ற பாயிண்ட் கணக்கில் தொழிலாளர்களுக்குப் பிரித்துத் தருவது வழக்கம். 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வந்ததும், சில ஹோட்டல் முதலாளிகள் இந்தப் பணத்தையும் சம்பளத்துக்குள் சேர்த்துக் காட்டப் பார்த்தார்கள். அப்படிச் செய்தால் தொழிலாளிக்குத் தன் காசே சம்பள உயர்வாகத் திரும்பி வரும். தொழிற்சங்கம் விடவில்லை. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. சர்வீஸ் சார்ஜைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று 2021-இல் தீர்ப்பு வந்தது.

பங்களாவில் விருந்தாளி மகிழ்ந்தால், துரை மனம் வைத்துக் கொடுப்பதுதான் பாட்டிக்கு. இங்கே விருந்தாளி தரும் பத்து விழுக்காட்டுக்குக் கணக்கும் வழக்கும் தீர்ப்பும் இருக்கின்றன. கை செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். விருந்து முடிந்து நாங்களும் கரண்டிகளை எண்ணுகிறோம். பரிமாறியவரே எண்ணி, எழுதி, கையெழுத்துப் போடுகிறார்.

மே 30, வெள்ளி. செர்டாங்

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீர்ப்பு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பங்களா வேலைக்கும் உண்டா?"

"வீட்டு வேலைக்கு அந்த 1,700 சட்டம் இன்னும் பொருந்தாது பாட்டி. விலக்கி வச்சிருக்காங்க."

"அப்புறம் என்னா பெருசா மாறிப்போச்சு?" என்று கோபமாகவே கேட்டார். அவர் கோபம் சரி. ஹோட்டலில் தட்டு தூக்கினால் ஒரு சட்டம், வீட்டில் தூக்கினால் அந்தச் சட்டம் இல்லை என்பதை என்னாலும் ஏற்க முடியவில்லை.

அடுத்தது பிராக்டிகம். பயிற்சி மாணவர்களுக்குப் பல இடங்களில் அலவன்ஸ் மட்டும்தான்; கல்யாண சீசனில் நள்ளிரவுவரை வேலை இருக்கும். ஹோட்டல்களுக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்திருக்கிறேன். இரவு வேலைக்குப் பிறகு வண்டி ஏற்பாடு உண்டா? பயிற்சி மாணவர்களுக்குச் சர்வீஸ் பாயிண்ட் உண்டா? இப்படிக் கேட்டால் இடமே கிடைக்காது என்கிறார் அப்பா. கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்ன பாட்டி, மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.