ஈய மண்ணில் எழுந்த காடு

பெருங்காட்டைக் காண வேண்டுமானால் பகாங் தாமான் நெகாராவுக்கோ, கடல் கடந்து சபா, சரவாக்கிற்கோ போக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். தோட்டத்துச் சம்பளத்தில் அது எளிதன்று. தலைநகருக்குப் பக்கத்திலேயே, கெப்போங்கில், வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்களும் பெற்றோர் சிலருமாக ஒரு பஸ் பிடித்துப் போய் வந்தோம்.

காலையில் கோலாலம்பூரைச் சுற்றினோம். 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தையும், 679 மீட்டர் மெர்டேக்கா 118 கட்டடத்தையும் பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். அவற்றைப் பற்றி எழுதப் பலர் உண்டு. நான் காட்டுக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், இது எந்தக் கம்பெனியோட தோட்டம்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பாவம், பிறந்தது முதல் வரிசையில் நிற்கும் மரங்களையே கண்டவன். ஆனால் அந்த மரங்கள் இந்த மண்ணுக்குரியவை அல்ல. ரப்பரின் தாயகம் பிரேசில். 1877இல்தான் அதன் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. செம்பனை ஆப்பிரிக்காவினுடையது, 1917இல் கோல சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்திற்கென்று நட்டார்கள். இவற்றுக்கு இடம் விடத்தான் காடுகள் வெட்டப்பட்டன. வெட்டிய கைகளில் நம் பாட்டன்மாரின் கைகளும் உண்டு. காய்ச்சலில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை.

இருந்தாலும் அந்தப் பையன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. இதுவும் மனிதர் நட்ட காடுதான்! ஈயம் தோண்டிப் பாழாக்கிய மணல் நிலத்தில் 1920களில் நடத் தொடங்கினார்கள். 1929இல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இன்று 500 ஹெக்டருக்கு மேல் பரந்து கிடக்கும் இக்காட்டை யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காப்பூர் மரங்களின் அடியில் நின்று மேலே பார்க்க வேண்டும். ஒரு மரத்தின் கிளை மற்றொன்றைத் தொடாமல் விலகி நிற்கிறது. நடுவே வானம் வாய்க்கால் போல் ஓடுகிறது. முப்பது வருடம் பால் வெட்டிய பாட்டி ஒருவர் கீழே கிடந்த இலையைக் கசக்கி மோந்துவிட்டு, "கற்பூர வாசமா இருக்குதே, வாத்தியாரே!" என்றார். மரத்தின் பெயரே நம் கற்பூரத்துக்கு உறவுதான். இந்த மரத்தின் கற்பூரத்தால் பேர் பெற்ற துறைமுகம் சுமத்திராவின் பாருஸ். அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் வைத்தது. அதைச் சொன்னேன்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நம்ம ஆளுங்க எல்லாருமே கூலிக்குக் கப்பலேறி வந்தவங்க இல்லையா?" என்றார். பிள்ளைகள் அதன் பிறகு ஆளுக்கோர் இலையாகப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ரயிலில் போகிறவர்கள் கெப்போங் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் பிடிக்கலாம். காலையிலேயே போய்விடுங்கள்; மாலையில் மழை பிடித்துக்கொள்ளும். குடிதண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும்.