அப்பாவின் லாரிக்கு ஒரு பம்ப்

அப்பாவின் லாரி என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

1954-இல் டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் கைகோத்துத் தயாரிக்க ஆரம்பித்த டாடா மெர்சிடிஸ் பென்ஸ் வகை அது. ஆறு சிலிண்டர். மாமல்லபுரம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து செங்கல்பட்டுக்குச் சவுக்கு ஏற்றி வந்த வண்டி. அந்த வாடகைப் பணத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன்.

போன மாதம் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நின்றுவிட்டது. பம்ப்பில் இருக்கும் கைப்பிடியை நாலு முறை அமுக்கினால் ஓடும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். "காயலான் கடைக்குப் போட்டுடலாம்க்கா" என்றான் தம்பி. மகன் ஆன்லைனில் பெட்ரோல் கார் எலக்ட்ரிக் பம்ப் ஒன்றைக் காட்டினான். விலை குறைவு. நானும் சரி என்றுவிட்டேன்.

நல்லவேளை, வாங்குவதற்கு முன் நம் ஒர்க்‌ஷாப்காரனிடம் கேட்டேன். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். அவன் இவன் என்று எழுதினால் கோபிக்க மாட்டான். அவனுடைய ரேங்க் கார்டில் 'கவனம் போதாது' என்று எழுதியது நான்தான்.

அவன் உடனே பம்ப்பைக் கழற்றவில்லை. டாங்க் குழாயை விலக்கி, ஒரு கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து நேரே எடுக்கவிட்டான். அப்போதும் திணறியது. ஆக, குழாயில் காற்று வாங்கவில்லை. நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப்பின் ஆயிலைத் தொட்டுக் காட்டினான். தண்ணீர் மாதிரி இருந்தது, டீசல் வாடை. பெரிய பம்ப்பின் விலாவில் இருக்கும் ஃபீட் பம்ப்பின் தண்டு தேய்ந்து, டீசல் உள்ளே கசிந்திருக்கிறது.

"கிட் போட்டா வால்வும் ஸ்ப்ரிங்கும் புதுசாகும் டீச்சர். தண்டும் பாடியும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுச் சேர்த்தது, அது சரியாகாது. அந்த கார் பம்ப்பும் வேணாம். அழுத்தம் பத்தாது, டீசலுக்கும் ஆகாது."

நான் கைப்பம்ப் பாடம் நடத்தியவள். இழுக்க ஒரு வால்வு, தள்ள ஒரு வால்வு என்று போர்டில் படம் போட்டிருக்கிறேன். ஃபீட் பம்ப்பும் அதேதான். அதைக் கையில் வைத்துப் பார்க்க இத்தனை வருடம் ஆயிற்று.

சென்னை ஜி.பி. ரோட்டுக்கு இருவரும் போனோம். பழைய பம்ப்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மைக்கோ என்று கேட்டால் சின்னப் பையன்கள் விழிக்கிறார்கள். 2008-இலேயே அது பாஷ் ஆகிவிட்டது. முதல் கடையில் பார்வைக்கு அச்சாக அதே பம்ப், பாதி விலை. உள்வழியை விரலால் அடைத்து ஹேண்ட் பிரைமரை இழுத்தான். விரலை உறிஞ்சவே இல்லை. வைத்துவிட்டான். மூன்றாவது கடையில் விரலைக் கவ்வியது. பாடியில் அடித்திருந்த எண், போல்ட் துளைகளின் இடைவெளி, குழாய் மரை, உள்ளே போகும் தண்டின் நீளம், நாலும் பழையதோடு ஒத்துப்போயின. 'எண் கிட்டத்தட்ட ஒண்ணுதான்' என்ற கடைக்காரரை இரண்டாவது கடையிலேயே விட்டு வந்திருந்தோம்.

மாட்டி, பெரிய பம்ப்பின் ஆயிலையும் மாற்றி, ஃபில்டரின் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்று எடுத்தான். முதலில் நுரை, பிறகு தெளிந்த டீசல். கூலி வாங்க மறுத்தான். தம்பி அவன் பாக்கெட்டில் திணித்தான்.

நேற்று மாமல்லபுரம் வரை போய் வந்தோம். எங்கும் நிற்கவில்லை. தம்பி காயலான் கடைப் பேச்சை எடுக்கவில்லை, எஃப்.சி. செலவு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.