உறவில்லாத சாட்சி

குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே ஒருவரை மூன்று ஆண்டுகள் வரை நலவிடுதியில் வைக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மலேசியாவில் அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், மலாயில் ‘அக்தா ஓராங் பாபா’. விடுதியிலிருந்து அனுமதியில்லாமல் வெளியேறினால் மூன்று மாதம் வரை சிறை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்காகத்தான் அந்தச் சட்டத்தை நான் வரிவரியாகப் படித்தேன்.

2019ஆம் ஆண்டு. சட்ட உதவி மையத்திலிருந்து அழைப்பு வந்தபோது அவரை ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். முதல் நாள் இரவு விஸ்மா யாக்கின் பக்கத்து அஞ்சடி நடைபாதையில் அட்டை விரித்துப் படுத்திருந்தாராம். பிடித்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால் அதிகாரிகளுக்கும் அவசரம். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது.

“ஐசி இருக்கா அண்ணே?” என்று அடையாள அட்டையைக் கேட்டேன். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பை தொலைந்ததற்கான போலீஸ் ரிப்போர்ட், மடிப்போடு கிழிந்த ஒரு சொக்சோ (தொழிலாளர் காப்பீட்டு) கடிதம், இரண்டு பழைய சம்பளச் சீட்டு. ஐசி இல்லை. தொலைந்த ஐசிக்கு முதல் தடவை அபராதமே நூறு வெள்ளி. அது கையில் இல்லாததால் புதிய ஐசி இல்லை. ஐசி இல்லாததால் நிரந்தர வேலை இல்லை.

ஐம்பதைத் தாண்டிய கிள்ளான்காரர். பதினோரு வருடம் ஒரே கடையில் மாவு வீசியவர். கடை மாடியில் ஆட்களுக்கான அறை. அதில் அவருக்கு ஒரு கட்டில். வலது மணிக்கட்டு வீங்கி, மாவைச் சுழற்ற முடியாமல் போனதும் கடைக்காரர் வேறு மாஸ்டரைப் போட்டார். புது மாஸ்டருக்குக் கட்டில் வேண்டுமே. காலையில் வேலை போனது, சாயங்காலம் படுக்கையும் போனது.

அவர் வாடகைக்கு இருந்திருந்தால் நிலைமை வேறு. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, வாடகைக் காலம் முடிந்தாலும் நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டுக்காரர் ஆளை வெளியேற்ற முடியாது. வேலையோடு சேர்ந்து வந்த கட்டிலை வாடகை என்று நிரூபிப்பது லேசில்லை: ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடை, சாப்பாட்டுக் கடை மாடிகளில் இப்படிப் படுத்து எழுபவர்கள் நிறையப் பேர். முதலாளி முகம் சுளித்தால் அவர்களுக்கு வீடும் இல்லை.

ஆதரவற்றவர் யார் என்பதற்குச் சட்டம் இரண்டு வகை சொல்கிறது. ஒன்று, பொது இடத்தில் தொல்லை தரும்படி பிச்சை எடுப்பவர். மற்றது, பிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இல்லாமல், அல்லது தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாமல், பொது இடத்தில் சும்மா இருப்பவர். அந்த ‘சும்மா’வைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரவுச் சந்தைக்குக் கூடாரம் கட்டி, நள்ளிரவில் பிரிப்பது அவர் வேலை. மற்ற நாட்களில் சௌகிட்டில் காய்கறி இறக்குவார். தங்க இடம் இல்லாதவர்தான். சும்மா இருப்பவர் இல்லை.

பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பம்பாய்ச் சட்டப் பிரிவுகள் டெல்லியில் செல்லாது என்று 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் கையில் வைத்திருந்தேன். விசாரிக்க ஒரு மாதம் தற்காலிகமாக விடுதியில் வைக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டார். நான் என் வாதத்தைச் சொன்னேன். மாஜிஸ்திரேட் கேட்டது ஒன்றே ஒன்று: “வேலை செய்கிறார் என்பதற்கு யார் சாட்சி?”

பின்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். வியாழக்கிழமை இரவுகளில் தெருவில் சாப்பாடு கொடுக்கும் குழுவைச் சேர்ந்தவர். விஷயம் கேள்விப்பட்டு தானாகவே வந்திருந்தார். “இவருக்கு நீங்கள் என்ன உறவு?” என்று மாஜிஸ்திரேட் மலாயில் கேட்டார். “உறவெல்லாம் இல்லை, துவான். வாரா வாரம் சாப்பாடு கொடுப்பேன்” என்று ஒரு குறிப்பு நோட்டை நீட்டினார். ரத்த அழுத்த மாத்திரை கொடுத்த தேதிகள், மணிக்கட்டுக்கு டாக்டர் பார்த்த நாள், கூடாரக் கடைக்காரரின் கைப்பேசி எண், எல்லாம் அதில் இருந்தன. மத்தியானத்துக்கு அந்தக் கடைக்காரரே வந்து, நாள்கூலி கொடுப்பதை உறுதி செய்தார். அதிகாரி மறுப்புச் சொல்லவில்லை. உத்தரவு தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் மாஜிஸ்திரேட்.

வீடுதான் இல்லை. ஜாலான் பகாங்கில் மாநகராட்சி (டிபிகேஎல்) நடத்தும் வீடற்றோர் மையத்தில் சில நாள் தங்கினார். 400 வெள்ளிக்கு ஓர் அறை கிடைத்தது. முதல் மாத வாடகை, இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம்: மொத்தம் 1,400 வெள்ளி. மாதம் 400 கட்டக்கூடியவருக்கு ஒரே நாளில் 1,400 எங்கிருந்து வரும்? குறைந்த வருமானத்தினருக்கான பிபிஆர் வீட்டு வாடகை 124 வெள்ளிதான். அதற்கு மனு போடவும் ஐசி வேண்டும், பிறகு வரிசையில் காத்திருக்க வேண்டும். அக்காவின் குழு முன்பணத்தைக் கடனாகக் கொடுத்தது. ஐசி அபராதத்தையும் கட்டியது. அவர் மாதாமாதம் திருப்பிக் கட்டினார்.

2014 ஜூலையில் அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், நகர மையத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவசச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று அறிவித்தார். கெச்சாரா, பெர்த்திவி, டாப்புர் ஜாலானான் போன்ற குழுக்களைப் பாதித்த அந்த அறிவிப்பு, எதிர்ப்பு கிளம்பியதும் தளர்ந்தது. தெருவில் சாப்பாடு கொடுத்தால் ஆட்கள் தெருவிலேயே தங்கிவிடுவார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்தத் தடை நிலைத்திருந்தால் நீதிமன்றத்தில் எழுந்து நிற்க யார் இருந்திருப்பார்கள்?

‘உன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தா’ என்று சட்டம் கேட்பது, ஐசியையும் முகவரியையும் சேர்த்தே தொலைத்த ஆளிடம். அவருக்குப் பதிலாக விளக்கம் சொல்லக்கூடியவர்கள் வாரா வாரம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மட்டும்தான். அதனால் இப்படி வழக்கு வந்தால் என் அலுவலகத்து இளம் வக்கீல்களிடம் முதலில் சொல்வது: சட்டப் புத்தகத்தை அப்புறம் திற, ஆள் எந்தச் சாப்பாட்டு வரிசையில் நின்றார் என்று முதலில் கேள்.