உயர்த்திய ஜீப்பும் முன்சக்கரக் கோணங்களும்

கரடுமுரடான தடத்துக்காக ஜீப்பை உயர்த்துவதில் எளிதான பகுதி உயர்த்துவதுதான். பழைய காயில் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு 4 அங்குலம் தூக்கும் நீள ஸ்பிரிங்குகளைப் போட்டு, அவற்றுக்கேற்ற ஷாக் அப்சார்பர்களை மாட்டினால் வண்டி எழுந்து நிற்கும். 35 அங்குல டயர் உரசாமல் சுழலும். கருவிகள் கைவசம் இருந்தால் பழகிய இரண்டு பேர் ஒரு பகலில் முடிக்கும் வேலை. தேர்ந்த கை தேவைப்படுவது அதற்குப் பிறகு. முன் ஆக்ஸிலோடு இணைந்த ஒவ்வொரு தண்டும் புதிய சாய்வில் நிற்பதால் கெட்டுப்போன கோணங்களை அப்போதுதான் மீட்டெடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் ஊரைச் சுற்றியுள்ள மணற்பாறைத் தடங்கள் இத்தகைய வண்டிகளுக்குப் பேர்போனவை. ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்னும் ஜீப் பயண நிகழ்வு 1967இல் அங்கே தொடங்கியது. தடத்திலிருந்து பட்டறைக்கு வரும் வண்டிக்கு முதலில் நடக்க வேண்டியது குளியல். சக்கரத்தின் உட்புறம் காய்ந்து ஒட்டிய மண் ஒன்றே ஸ்டீரிங்கை நடுங்கவைக்கப் போதும். அதை நீக்காமல் கோளாறு தேடுவது வீண்வேலை.

1997 மாடலாக வந்த ராங்லர் டிஜேயில், அதுவரை முன்பக்கம் இருந்த லீஃப் பட்டைகள் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. பட்டை ஆக்ஸிலைத் தாங்கியதோடு இடம் பெயராமல் பிடித்தும் வைத்திருந்தது. காயிலால் தாங்க மட்டுமே முடியும். முன்பின் நகராமல் பிடிப்பவை நான்கு கன்ட்ரோல் ஆர்ம்கள். பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது குறுக்கே ஓடும் டிராக் பார். வண்டி உயர்ந்ததும் இந்த ஐந்தும் கீழ்நோக்கிச் சரிகின்றன.

ஆர்ம்கள் சரிவதால் முதலில் அடிபடுவது காஸ்டர். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சின் மேல்நுனி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. மிதிவண்டியின் முன்கவட்டை சாய்ந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வர வேண்டும். ராங்லர்களில் இது மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 7 பாகை வரை இருக்கும். உயர்த்தியதும் ஆக்ஸில் முன்னோக்கி உருண்டு, இந்தச் சாய்வு குறைந்துவிடும். அப்போது ஸ்டீரிங் லேசாகிவிட்டதுபோல் தோன்றும். நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலையும். வளைவு முடிந்த பின்னும் ஸ்டீரிங் தானாகத் திரும்பாது.

கீழ் ஆர்மை நீட்டியோ மேல் ஆர்மைக் குறுக்கியோ காஸ்டரை மீட்கலாம். மரை வைத்து நீளம் மாற்றும் ஆர்ம்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. ஆனால் காஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலைப் பின்னோக்கி உருட்டும்போது, அதே உறையில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து இணையும் பினியனின் மூக்கும் கீழே இறங்கும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்டில் கோணம் கூடி வண்டி அதிரும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும் இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். சமரசத்தை ஏற்காத பட்டறைக்காரர்கள் ஆக்ஸில் குழாயின் முனையில் சக்கரக் கணுவைத் தாங்கும் வளையத்தின் வெல்டை வெட்டி, வளையத்தை மட்டும் தேவையான பாகைக்குத் திருப்பி மறுபடி வெல்ட் வைக்கிறார்கள். பினியன் அசையாது, காஸ்டர் கிடைத்துவிடும். வெல்ட் பிசகினால் சக்கரமே போய்விடும் என்பதால், வெல்டிங்கில் முழுத் தேர்ச்சி பெற்றவர் மட்டுமே இதைத் தொட வேண்டும்.

டிராக் பாரின் கணக்கு வேறு. அதன் ஒரு முனை ஓட்டுநர் பக்கத்துச் சேஸிஸிலும் மறுமுனை எதிர்ப்பக்கத்து ஆக்ஸிலிலும் இருக்கின்றன. பார் 850 மி.மீ. நீளம், அதன் இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வண்டியை இன்னொரு 100 மி.மீ. உயர்த்தியதும் ஆக்ஸில் ஏறத்தாழ 18 மி.மீ. ஓட்டுநர் பக்கம் நகர்ந்துவிடும். ஒரு பக்க டயர் வெளியே துருத்தி நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். நீளம் மாற்றக்கூடிய பாரைப் போட்டால் ஆக்ஸில் நடுவுக்கு வரும்.

பாரின் சாய்வைப் பார்க்கும்போது, ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருந்தால்தான் பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டீரிங் தானாகத் திரும்பாது. லிங்கைத் தாழ்த்துவதற்கு, ஸ்டீரிங் பெட்டியோடு அதை இணைக்கும் பிட்மேன் ஆர்மில் தாழ்ந்த வகையை மட்டும் மாட்டி, பாரை அப்படியே விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. அதன்பின் ஒவ்வொரு மேடும் வண்டியை ஒருபுறம் தள்ளும்.

இவற்றோடு தேய்மானமும் சேர்ந்தால் வருவது ஜீப்காரர்கள் பெரிதும் அஞ்சும் நடுக்கம். மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில் ஒரு சிறு பள்ளம் தட்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் இடவலமாக வெறித்தனமாக உதறும். வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காது. கடைக்காரர்கள் இதற்கு விற்கும் மருந்து தடிமனான ஸ்டீரிங் டேம்பர். அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. தளர்ந்த டிராக் பார் போல்ட், நீள்வட்டமாகத் தேய்ந்த போல்ட் துளை, வெடித்த புஷ், தேய்ந்த பால் ஜாயின்ட், சமநிலை தவறிய டயர், குறைந்த காஸ்டர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். டயர்கள் தரையில் பதிந்திருக்க, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டுகிறார். மற்றவர் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்க்கிறார். இணைப்பின் ஒரு பக்கம் நகர்ந்து ஒரு கணம் கழித்தே மறுபக்கம் நகர்ந்தால் கோளாறு அங்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தட்டுப்படும். மெக்கானிக்கின் அனுபவம் முழுவதும் அந்த விரல்நுனியில் இருக்கிறது.

முழு ஆக்ஸிலில் கேம்பர், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், ஆலையிலேயே அமைந்துவிடுவது. சக்கரங்கள் நேராக நிற்பதற்கு மாற்ற வேண்டியது டோ, அதாவது இரு சக்கரங்களின் முன்புற, பின்புற இடைவெளி வேறுபாடு, மட்டுமே. டயர்களின் முன்புறமும் பின்புறமும் ஆக்ஸில் உயரத்தில் டேப் பிடித்து அளந்து, முன்புறம் 2 அல்லது 3 மி.மீ. குறுகலாக இருக்கும்படி டை ராடைத் திருகினால் போதும். பின்னர் டிராக் லிங்கைத் திருகி ஸ்டீரிங்கை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். 2007க்குப் பிந்தைய ராங்லர்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஸ்டீரிங் கோணலாக இருந்தால், வண்டி வழுக்குவதாக, வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி கணினி தவறாக எண்ணி நேர்சாலையிலேயே பிரேக் பிடிக்கக்கூடும்.

தனித்தனிச் சக்கரத் தொங்கமைப்பு உள்ள பிக்கப்களில் சங்கடம் கூடுதல். 1986 முதல் டொயோட்டா பிக்கப்களில் வந்த டார்ஷன் பாரைத் திருகி முன்பக்கத்தைத் தூக்குவது செலவில்லாத வழி. அதில் சக்கரம் கீழிறங்கும் இடம் குறைகிறது, சிவி ஜாயின்ட் வளைந்தே ஓடுகிறது, கேம்பரும் டோவும் மாறி டயரைத் தின்கின்றன. 1980இல் ஃபோர்டு எஃப்-150க்கும் பிராங்கோவுக்கும் கொடுத்த இரட்டை பீம் அமைப்பை உயர்த்தினால் டயர்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். பீம்களின் கீல்களைத் தாழ்த்தும் பிராக்கெட் இல்லாமல் அதை நேராக்க முடியாது. இத்தகைய வண்டிகளை ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கக் கூடாது. சிறிது தூரம் முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் அடங்கிய பிறகே அளவு எடுக்க வேண்டும்.

கேமரா வைத்த அலைன்மென்ட் இயந்திரம் கணிசமான உதவி. ஆனால் அதன் திரையில் பச்சை எரிவது ஆலை நிர்ணயித்த எல்லைக்குள் அளவு இருக்கிறது என்பதைத்தான் காட்டும். அந்த எல்லை, உயர்த்தாத வண்டிக்கும் சிறிய டயருக்கும் வகுத்தது. 35 அங்குல டயரோடு வந்த வண்டிக்குப் பச்சையைப் பார்த்துவிட்டுப் பில் போடும் கடையைவிட, சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து மறுபடி திருகும் சிறிய பட்டறையே மேல்.

வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் ஸ்பிரிங்குக்கு ஒதுக்கும் பணத்தோடு டிராக் பார், ஆர்ம்கள், அலைன்மென்ட் மூன்றுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அது முடியாவிட்டால் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேலை முடிந்து ஏறத்தாழ 800 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் இறுக்கி, கோணங்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.