கூரையும் குரலும்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் எம் பழைய மாணவர் அண்மையில் வீட்டிற்கு வந்திருந்தார். மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து, கார்க் கதவுக்கு வண்ணம் தெளிக்கப் பழகிய கதையைச் சொன்னார். "அதுக்குள்ள தப்புப் பண்ணா பெயிண்டும் வீணாகாது, யாரும் திட்டவும் மாட்டாங்க ஐயா. புதுசு புதுசா செஞ்சு பார்க்கத் தோணுது" என்றார்.

அச்சொல் எம்மைத் தைத்தது.

இடம் சிந்தனையை மாற்றும் என்பதற்குச் சான்றுண்டு. உயர்ந்த கூரையின்கீழ் சுதந்திர உணர்வும், பொருள்களிடையே தொடர்பு காணும் போக்கும் மிகுவதை மேயர்ஸ்-லெவி, ஜு ஆகியோர் 2007இல் எழுதினர். நகைச்சுவைப் படம் பார்த்து மகிழ்ந்தோர் மெழுகுவர்த்திப் புதிரை எளிதில் அவிழ்த்ததை ஆலிஸ் ஐசன் குழுவினர் 1987இல் காட்டினர். மெய்நிகர்ப் பணியறையோ, சுவரற்ற கூடத்தையும் விரும்பிய கடற்கரையையும் கண்முன் விரிக்கிறது. ஆயினும் கண்ணாடியைக் கழற்றியதும் கடிந்துகொள்ளும் மேலாளர் எதிரே நின்றால் அக்கடற்கரையால் என்ன பயன்?

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணர்வு சார்ந்த ஒழுக்கமே உரிப்பொருள். காடும் மாலையும் மட்டுமே முல்லையாகிவிடா, காத்திருத்தலும் வேண்டும்.

இதனை ஆண்டுதோறும் நடத்துகிறோம். எனினும் எம் வகுப்பறையின் உரிப்பொருள் அச்சமாக இருந்ததை உணரவில்லை. பிழையான விடைக்கு உரத்த குரலில் கடிந்தோம். புதிது புதிதாகச் செய்து பார்க்கும் இம்மாணவர், மூன்றாண்டுகள் கடைசி வரிசையில் வாய் திறவாதிருந்தவர்.

வகுப்பறையின் கூரையை உயர்த்த எம்மால் இயலாது. குரலைத் தாழ்த்த இயலும்.